கம்பளியும் இறப்பர் பாலும்

இரத்தினபுரியில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை 3,500 மில்லிமீட்டரைத் தாண்டும். திருச்சியிலோ சேலத்திலோ அதில் கால்பங்கு பெய்தாலே அது நல்ல ஆண்டு. அந்த வறண்ட சீமைகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் கங்காணிகள் கூட்டிவந்த சனம் முதலில் இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத்துக் கோப்பித் தோட்டங்களிலும், பிறகு எட்டியாந்தோட்டை, தெரணியகல, தெஹியோவிட்ட மலைச்சரிவுகளின் தேயிலையிலும் இறப்பரிலும் வேலைக்கு நின்றது. எதைப் போர்த்திக்கொண்டு அந்த மழையில் நின்றார்கள் என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில் சுருக்கமானது: முதலில் கம்பளி, பிறகு சாக்கு, பிறகு பொலித்தீன். இந்த வரிசையைக் கேட்டவுடன் பொருள்கள் காலத்தோடு மேம்பட்டு வந்தன என்றும், நல்ல மழைத்துணி அந்தக் காலத்தில் கிடைக்காததால்தான் ஆட்கள் நனைந்தார்கள் என்றும் எண்ணத் தோன்றும். அந்த எண்ணம் சரியென்று எனக்குப் படவில்லை. நீர் புகாத துணிக்கு வேண்டிய மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் ஓலையும் சப்ரகமுவவில் தோட்டங்களுக்கு முன்பே இருந்தன. இறப்பர் பாலோ தோட்டத்துக்குள்ளேயே வாளி வாளியாகச் சுமக்கப்பட்டது. மழையில் கூலியாட்கள் என்ன உடுத்தினார்கள் என்பதைத் தீர்மானித்தது, நனைவதால் வரும் நட்டம் யார் பெயரில் எழுதப்பட்டது என்ற கணக்கு.

தோட்டங்களுக்கு முந்திய சப்ரகமுவவிலிருந்து தொடங்கலாம். 1815 வரை இது கண்டி அரசின் ஒரு திசாவையாக இருந்த நாடு. கண்டி அரசில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டுக் கிடந்த ரொபட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் தாளிப்பனை ஓலையைப் பற்றிச் சற்று வியப்போடே எழுதுகிறார். ஓர் ஓலையின் கீழ் பதினைந்து இருபது பேர் நனையாமல் நிற்கலாம், மடக்கினால் கைத்தடிமன் ஆகிவிடும், எடையே தெரியாது. ஓலையை முக்கோணமாக நறுக்கி, கூர்முனை முன்னே வரும்படி தலையில் வைத்துக்கொண்டு புதர்களை விலக்கியபடி நடப்பார்கள் என்றும், படைவீரர்களுக்கு அதுவே கூடாரம் என்றும் சொல்கிறார். இந்த முக்கோண ஓலையில் கவனிக்க வேண்டியது, இரண்டு கைகளும் சும்மா இருக்கின்றன என்பது. குடை பிடிப்பவனுக்கு ஒரு கை போய்விடுகிறது. ஓலையைப் போலவே காட்டில் வேறு பொருள்களும் இருந்தன. சிங்கராஜா போன்ற ஈரக்காடுகளில் வளரும் ஹல் மரத்தின் பிசினை, சிங்களத்தில் தும்மல எனப்படுவதை, புகைக்கும் பயன்படுத்தினார்கள். எண்ணெயாக வடித்து ஏட்டுச்சுவடிகளில் பூசினார்கள். ஈரத்தாலும் பூச்சியாலும் சுவடி அழியாமல் காத்தது அந்தப் பூச்சுதான். தொரணை மரத்திலிருந்து வார்னிஷ் போல் உலரும் எண்ணெய் வந்தது. மலைத்தேன் எடுப்பவர்கள் தேனோடு மெழுகும் கொண்டுவந்தார்கள். கடலோரத்தில் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சித் தோணிப் பலகைகளின் இடுக்கை அடைத்தவர்களுக்கு, பிசினும் எண்ணெயும் சேர்ந்தால் தண்ணீர் உள்ளே வராது என்பது அன்றாட அறிவு.

துணிக்கு மெழுகு ஏற்றும் வேலை இந்த அறிவிலிருந்து ஓர் எட்டுத் தூரம்தான். தேன்மெழுகு 62 பாகை செல்சியஸ் அளவில் உருகும். அதை மட்டும் பூசினால் துணி மடிப்பில் வெடிக்கும். அதனால் இளக்கம் தர எண்ணெயும், ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் பிசினும் சேர்த்து, சூட்டோடு பருத்தித் துணியில் தேய்த்து நெருப்பருகே காட்டி உள்ளே இறங்கவிடுவார்கள். ஐரோப்பிய மாலுமிகள் பாய்த்துணிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசித் தொடங்கியது இப்படித்தான். 1850இல் ஜேம்ஸ் யங் பரஃபின் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு தேன்மெழுகுக்குப் பதில் மலிவான மெழுகு கிடைத்தது. 1894இல் வட இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் துறைமுகத்தில் ஜோன் பார்பர் கடை திறந்து மாலுமிகளுக்கும் துறைமுகக் கூலிகளுக்கும் எண்ணெய்த்துணி அங்கி விற்றார். அங்கே கைவேலைக்காரன் வாங்கும் பொருளாக இருந்தது அது. சப்ரகமுவக் கூலியின் கைக்கு அப்படி எதுவும் வரவில்லை. அவர் தானே செய்துகொள்ளவும் வழி அடைபட்டிருந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரித்து நிரூபிக்கப்படாத காட்டையெல்லாம் அரசுடைமை என்று எடுத்துக்கொண்டது. அந்தக் காடுகள் பெருமளவில் வெட்டியெரிக்கப்பட்டுத் தோட்டமாயின. மிஞ்சிய காட்டின் பிசினையும் மெழுகையும் அறிந்திருந்தவர்கள் பக்கத்துச் சிங்களக் கிராமத்தார். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருந்தவர்களுக்கு அந்தக் காட்டோடு பழக்கமும் இல்லை, அங்கே போய்வர நேரமும் இல்லை. விடியுமுன் தப்புச் சத்தத்துக்கு எழுந்து, ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டிய ஒருவர் எந்த நேரத்தில் மெழுகு காய்ச்சுவார்?

மெழுகுத்துணி இந்த வெக்கைக்கு ஒத்துவராது என்று ஒருவர் மறுக்கலாம். அதில் பாதி உண்மை. வெயில் ஏறினால் மெழுகு பிசுபிசுக்கும், எண்ணெயில் பூஞ்சை பிடிக்கும், உள்ளே வேர்வை தேங்கி ஆள் வெளியே நனைவதற்குப் பதில் உள்ளே நனைவார். மூடிய அங்கிக்கு இந்த மறுப்பு பொருந்தும். ஆனால் நொக்ஸ் கண்ட முக்கோண ஓலையும், தமிழ்நாட்டுக் காட்டுவேலைக்காரர்கள் தலையிலிருந்து முதுகில் விட்டுக்கொள்ளும் கொங்காணியும் மூடிய அங்கிகள் அல்ல. மேலே மழை வழுக்கி ஓடும், கீழே காற்று நுழையும், கை இரண்டும் வேலை செய்யும். வெக்கையும் மழையும் சேர்ந்த ஊருக்கு ஏற்ற வடிவம் கையெட்டும் தூரத்தில் இருந்தது.

இனி கம்பளி. இதைக் கேவலமான பொருள் என்று ஒதுக்குவது அதை நெய்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். கன்னட நாட்டிலும் தக்காணத்திலும் குறும்பர் முதலிய இடையர் சாதியார் தங்கள் ஆட்டு மயிரைத் தாங்களே நூற்று நெய்த கறுப்புக் கம்பளி, தென்னிந்தியா முழுக்க ஏழைகளின் மழைத்துணி. ஆட்டு மயிரில் இயற்கையாகவே ஒரு மெழுகு உண்டு. வேதியியல்படி அது கொழுப்பைவிடத் தேன்மெழுகுக்கே நெருக்கமானது. தக்காணத்து ஆட்டில் இது மெரினோ ஆட்டைவிடக் குறைவுதான் என்றாலும், சோப்புக் காணாத மயிரில் துளி உடனே ஊறாமல் உருண்டு விழ அது போதும். இடையர்கள் புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசையைப் பாவு நூலுக்கு ஏற்றுவார்கள். புதுக் கம்பளி பலகை போல் விறைத்து நிற்பதும், முதல் மழைகளைத் தாங்குவதும் அதனால். மயிர் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கியும் உடம்பில் சில்லிடாது. ஆக, வீட்டில் மெழுகேற்றிய மழைத்துணி ஒன்றை இடையர்கள் ஏற்கெனவே செய்து வைத்திருந்தார்கள். பெல்லாரிச் சீமையின் சிறுமழைக்கும் பனிக்கும் அது பொருத்தமான துணி.

சிக்கல் அந்தத் துணி வந்து சேர்ந்த இடத்தில். நுவரெலியாக் குளிரில் கம்பளிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. கேகாலையின் தாழ்வான தோட்டங்களில் வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேல் பருவமழை. அது ஓய்ந்தால் பிற்பகல்களில் இடிமழை. புளியங்கொட்டைப் பசை சில வாரங்களில் கரைந்துவிடும். அழுக்குப் போகச் சாம்பலிலும் சவுக்காரத்திலும் துவைத்தால் மயிரின் மெழுகும் போய்விடும். அப்புறம் அது தண்ணீரைக் குடித்துக் கனக்கும் ஒரு போர்வை மட்டுமே. காற்றே ஈரமாக இருக்கும் ஊரில் அதைக் காயவைக்க லயத்து அடுப்புப் புகையைத் தவிர வேறு இடமில்லை. ஆனாலும் குளிர்மலைக்கும் தாழ்நிலத்துக்கும் ஒரே கம்பளிதான் போனது, ஏனென்றால் தோட்டத்துக்கு அது மொத்தமாக இறக்கிக் கணக்கெழுத வசதியான சரக்கு. அரிசிக்கும் முன்பணத்துக்கும் வண்ணான் காசுக்கும் பக்கத்தில், ஆளின் பற்றில் கம்பளியும் ஏறியது. சம்பள நாளில் அது கழிந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்கீழ் 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி தாழ்நாட்டில் ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம். மலைநாட்டில் 54, 43. மழை அதிகம் நனைத்த தாழ்நாட்டுத் தோட்டங்களுக்குத்தான் கூலி குறைவு. பருவமழையில் நின்று வேலை செய்ய வேண்டியது தோட்டத்தின் தேவை. அதற்கான துணி தொழிலாளியின் கடன்.

ஆட்களே கம்பளியைத்தான் விரும்பினார்கள், வேறெதையும் கேட்கவில்லை என்பது துரைமார் பக்கத்திலிருந்து வரக்கூடிய வாதம். விரும்பியிருக்கலாம். ஆனால் எதற்காக என்று பார்க்க வேண்டும். பகலில் மழைக்குப் போர்வை. கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் அழுத்தாதிருக்க மடித்து வைக்கும் சும்மாடு. இரவில் பாய்க்கு மேல் விரிப்பு. பிள்ளைக்குப் போர்த்த வேறு துணி இல்லாத வீட்டில் அதுவும் இதுவே. நான்கு வேலை செய்யும் ஒரே பொருளைத்தான் வாங்க முடியும் என்னும் நிலையில் இருப்பவர், ஒரு வேலையை மட்டும் நன்றாகச் செய்யும் மழையங்கியைக் கேட்க மாட்டார். பகலில் நனைந்த கம்பளியே இரவுக்கும் என்றால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. தோட்ட மரணப் பதிவுகளில் நிமோனியா முன்வரிசையில் நின்ற நோய்களில் ஒன்று. லயத்தின் நெரிசலும் புகையும் சத்தில்லாத சாப்பாடும் அதற்குக் காரணங்கள்தாம். ஈரத்தை மட்டும் குற்றம் சொல்வது மிகை. ஆனால் அந்தப் பட்டியலில் ஈரத்தைச் சேர்க்காமல் விடுவதற்கும் நியாயமில்லை.

இந்தக் கதையின் கசப்பான பகுதி இறப்பரோடு வருகிறது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளில் கியூ தோட்டத்தில் முளைத்தவற்றில் ஏறத்தாழ 1,900 நாற்றுகள் இலங்கைக்கு வந்து, கம்பஹாவுக்கு அருகே ஹேனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டன. 1905க்குப் பிறகு விலை ஏறியபோது களனிப் பள்ளத்தாக்கும் கேகாலையும் இரத்தினபுரியும் இறப்பராக மாறின. இன்றும் இறப்பர் என்றால் முதலில் நினைவுக்கு வரும் மாவட்டம் கேகாலை. குறும்பாதைப் புகையிரதம் 1903இல் எட்டியாந்தோட்டையையும் 1912இல் இரத்தினபுரியையும் தொட்டது. ஏற்றிப்போன சரக்கில் ஒட்டுப்பாலும் இறப்பர் ஷீட்டும் கிறேப்பும் சேர்ந்தன. அந்தச் சரக்கின் பழைய பயன்களில் ஒன்றே மழைத்துணி. அமேசன் பழங்குடிகள் துணியிலும் காலணியிலும் பாலைப் பூசிப் புகைகாட்டி நீர் புகாமல் செய்ததை ஐரோப்பியர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார்கள். 1823இல் சார்ல்ஸ் மக்கின்டோஷ் நஃப்தாவில் கரைத்த இறப்பரை இரண்டு துணிகளுக்கு நடுவே ஒட்டும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் பெயரிலேயே வழங்கிய அந்த அங்கியை அணிந்துதான் துரைமார் மழையில் மலையைச் சுற்றிப் பார்த்தார்கள்.

பச்சை இறப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் வெடிக்கும், கந்தகம் சேர்த்துச் சுட்டால்தான் நிலைக்கும், அதற்குத் தோட்டத்து ஸ்டோரில் என்ன வசதி இருந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மக்கின்டோஷின் முதல் அங்கிகளே கோடையில் நாறி உருகின. 1839இல் குட்இயர் கந்தகமூட்டலைக் கண்டுபிடித்த பிறகே அந்தத் தொந்தரவு தீர்ந்தது. தோட்டத்து ஸ்டோர் பாலை அமிலத்தால் உறையவைத்து, உருளையில் பிழிந்து, புகையூட்டி அனுப்புவதோடு நின்றது. ஆனால் அது தொழில்நுட்பத்தின் எல்லை என்பதைவிடப் பங்கு பிரித்ததன் விளைவு என்பதே பொருத்தம். மூலப்பொருள் இங்கே, உற்பத்தி அங்கே என்ற ஏற்பாட்டில் கந்தகமும் அடுப்பும் மான்செஸ்டர் பக்கத்தில் இருந்தன. முன்பே கந்தகமூட்டித் துணியில் தோய்த்தால் போதுமான பாலை 1920களில் இங்கிலாந்தில் விற்றார்கள். விலை வீழ்ந்து, 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டத்தில் உற்பத்தியையே கட்டுப்படுத்தினார்கள். வேண்டாமென்று மரத்திலேயே விடப்பட்ட பாலில் கொஞ்சம் எடுத்துத் தொழிலாளிக்கு ஒரு முதுகுத்துணி செய்யலாம் என்று எந்தக் கம்பனியும் யோசித்ததாகத் தெரியவில்லை. தொழிலாளி தானே எடுத்துச் செய்திருந்தாலோ அது களவு. பால் வாளியிலிருந்து சிரட்டையில் காய்ந்த ஒட்டுப்பால் வரை நிறுத்துக் கணக்கெடுக்கப்பட்டது. இறப்பர் திருட்டுக்கென்றே தனிச் சட்டம் இருந்த நாடு இது. 1942இல் மலாயா ஜப்பான் வசமான பின் நேசநாடுகளுக்கு இயற்கை இறப்பர் தந்த நாடுகளில் இலங்கையே முதன்மை பெற்றது. மரம் செத்தாலும் பரவாயில்லை என்று பட்டையை மேலும் கீழும் வெட்டிப் பாலெடுத்த ஆண்டுகள் அவை. அந்தப் பாலில் ஒரு பங்கு படைவீரர்களின் மழைவிரிப்பாயிற்று. வெட்டியவர்களின் மழைத்துணி கம்பளியும் இரட்டுச் சாக்குமாகவே இருந்தது.

பால் வெட்டுபவர் மழையில் வேலை செய்வதில்லையே, அவருக்கு எதற்கு மழைத்துணி? மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான். இரவில் பெய்து பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் பட்டையெங்கும் பரவும். வெட்டி முடித்துச் சேர்க்கும் முன் பெய்தால் சிரட்டையில் பால் கழுவிப் போகும். ஆகவே மழை நாளில் வெட்டு இல்லை. ஆனால் வெட்டு இல்லாத நாளில் பேரும், அதாவது அன்றைய கூலிப் பதிவும், இல்லை, அல்லது கணக்கப்பிள்ளை போடும் அரைப்பேர். இல்லாவிட்டால் கான் வெட்ட, புல் வெட்டப் போக வேண்டும், அது மழையில்தான். பாதி வெட்டில் மழை பிடித்தால் உள்ள பாலைக் காப்பாற்ற ஓடுவதும் அவரே. மழையின் நட்டத்தைத் தோட்டம் தாங்கவில்லை. அதைக் கூலியில் இறக்கிவைத்தது. நனையாத தொழிலாளியால் தோட்டத்துக்கு இலாபம் எதுவும் எழுதப்படாத கணக்கில், மழைத்துணிக்கு ஒரு வரி எப்படி வரும்?

தொழிலாளர் தாங்களே செய்துகொண்ட மழைத்துணி, பொதி வந்த பைகளிலிருந்து வந்தது. அரிசிச் சாக்கின் ஒரு மூலையை மறுமூலைக்குள் தள்ளினால் கொங்காணி. இடுப்பில் சுற்றிய சாக்கு, ஈரத்தேயிலையும் அதன் கவ்வாத்துக் குச்சியும் தொடையைக் கிழிக்காமல் காக்கும் படங்கு. சணல் சாக்கு மழையைத் தடுப்பதைவிட உறிஞ்சுவதே அதிகம். பொலித்தீன் உட்பை வைத்த உரமூட்டைகள் வந்தபோதுதான் லயங்களுக்கு முதல்முறையாக உண்மையிலேயே நீர் புகாத ஒரு பொருள், அதுவும் பற்றில் ஏறாமல், கிடைத்தது. பையைப் பக்கவாட்டில் பிரித்து, தலைக்கு ஒரு மடிப்பு விட்டு, கழுத்தில் கயிறு கட்டி, கூடையின் கயிறு படும் இடத்தில் பழைய கம்பளித் துண்டை வைத்துத் தைத்துக்கொண்டார்கள். ஓலையின் வடிவமும் கம்பளியின் மெத்தும் பொலித்தீனின் வழுக்கும் ஒன்று சேர்ந்த இந்தத் துணியை எந்த நிறுவனமும் வடிவமைக்கவில்லை. கையில் பொருள் கிடைத்ததும் அறிவு எவ்வளவு சீக்கிரம் வேலை செய்தது என்பதே, முன்பு இல்லாதிருந்தது அறிவு அல்ல என்பதற்கு எனக்குக் கிடைக்கும் வலுவான சான்று. உரப்பையில் ஒட்டியிருந்த உரம் கழுத்தில் எரிந்ததை இந்தப் புகழ்ச்சிக்கு நடுவே மறந்துவிடக் கூடாது.

பிறகு மரத்துக்கு மழைக்காப்பு வந்தது. கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் பரவிய முறை இது. இலங்கையில் அகலவத்தையிலுள்ள இறப்பர் ஆராய்ச்சி நிலையமும் இதைப் பரிந்துரைத்தது. வெட்டுக்கோட்டுக்கு மேலே பட்டையைச் சுரண்டிச் சமப்படுத்தி, தார் சேர்ந்த பசையைச் சுற்றிப் பூசி, அதில் பொலித்தீனைப் பாவாடை போல் சுருக்குவைத்து ஒட்டிவிட வேண்டும். மேலிருந்து தண்டு வழியே வழியும் நீர் பசையில் தடுக்கப்பட்டுப் பாவாடையின் விளிம்பில் சொட்டும். கீழே பட்டை காய்ந்திருக்கும். பசை வெயிலில் உருகி ஓடாமலும் ஈரத்தில் விட்டுப்போகாமலும் மரம் பருக்கும்போது வெடிக்காமலும் இருக்க வேண்டும். துணிக்கு மெழுகு காய்ச்சுபவர் நூற்றாண்டுகளாகச் சரிசெய்துவந்த இளக்கமும் பிடிப்பும் இங்கே மரப்பட்டைக்காகச் சரிசெய்யப்பட்டன. இந்த வெக்கையில் மெழுகும் தாரும் நிலைக்காது என்ற வாதம் மரத்தின் விஷயத்தில் யாருக்கும் தடையாக இருக்கவில்லை.

இதனால் தொழிலாளிக்கும் நன்மைதானே, மழைக்காலத்தில் பேர் விழும் நாள்கள் கூடினவே என்பது கடைசி மறுப்பு. கூடின, அது சிறிய நன்மை அல்ல. ஆனால் மழைக்காப்பின் பயனே, முன்பு வெட்டாத நாள்களில் வெட்ட முடிவது. மரத்தின் பட்டை உலர்ந்திருக்க, அந்த நாள்களில் நூற்றுக்கணக்கான மரங்களுக்கு இடையே ஈரப்புல்லில் நடப்பவர் முன்பைவிட அதிக நாள் நனைகிறார். மரத்துக்குச் செலவிட்ட பொலித்தீனும் பசையும் எத்தனை கூடுதல் வெட்டு நாளில் ஈடாகும் என்று கணக்குப் போட்டுத் தோட்டங்கள் முடிவெடுக்கின்றன. ஆளுக்கு ஒரு நல்ல மழையங்கி எத்தனை நாளில் ஈடாகும் என்ற கணக்கும் போடக்கூடியதே. காய்ச்சலில் கிடந்த நாள், அரைப்பேரோடு திரும்பிய நாள், மழையில் குறைந்த கொழுந்தின் நிறை எல்லாம் வேலைப் பதிவேடான செக்ரோலில் தேதிவாரியாக இருக்கின்றன. மழையளவைத் தோட்டத்து மழைமானியில் பார்த்துத் தினமும் குறித்து வைத்திருக்கிறார்கள்.